அத்தை சொன்ன பித்தமும் லேப் சொன்ன 13-ம்

போன வருஷம் ஆபீஸில் எல்லோரையும் மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்குக் கூட்டிப்போனார்கள். ஜிம்மில் சேர்ந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்த தெம்பில், அதற்கு மூன்று நாள் முன்னால்தான், ஜிம் மாஸ்டர் போதும் போதும் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல், உட்கார்ந்து எழும் ஸ்குவாட் போட்டிருந்தேன். மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல். அந்தத் தொடையோடு போய்த்தான் ரத்தம் கொடுத்தேன். மறுநாள் ரிப்போர்ட் வந்தது, கல்லீரலுக்காகப் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற என்சைம்கள் இரண்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் மேலே பார்க்கும் அம்புக்குறியோடு. குடிப்பழக்கம் இல்லை. தொப்பை உண்டு. ஆக, கல்லீரல் போச்சு என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

அப்புறம் ராத்திரி 1 மணிவரை போனில் தேடினேன். இந்த நேரத்துத் தேடல் யாருக்கும் நல்லது செய்ததில்லை. கல்லீரல் கோளாறை முன்கூட்டியே காட்டும் ஒரு பரிசோதனை இருக்கிறது, ரத்தத்தில் உள்ள பித்த அமிலங்களின் அளவு, என்று எங்கோ படித்துவிட்டு டாக்டரைக் கேட்காமலேயே ஒரு லேபில் புக் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து எடுப்பதாகச் சொன்னார்கள். பையன் வந்து சேர்ந்தபோது மணி 3. நான் 1 மணிக்கு மட்டன் பிரியாணி சாப்பிட்டு முடித்திருந்தேன். சாப்பிட்டீர்களா என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ரிசல்ட் 13. லிட்டருக்கு 10 மைக்ரோமோல் வரைதான் நார்மல் என்று பக்கத்திலேயே போட்டிருந்தது. மறுபடியும் அம்புக்குறி.

மதுரைக்குப் போன் போட்டு அத்தையிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "நான் அன்னைக்கே சொன்னேன்ல மருமகனே, உனக்குப் பித்த உடம்புன்னு. சனிக்கிழமையானா எண்ணெய் தேய்ச்சுக் குளிடான்னா கேட்கிறியா? மோரைக் குடி, எல்லாம் அடங்கிரும்." தலை சுற்றினால் பித்தம், வாய் கசந்தால் பித்தம், எதிர்த்துப் பேசினால் பித்தம் தலைக்கேறியது என்று சொல்லும் வீடு எங்களுடையது. லேபும் கம்ப்யூட்டர் எழுத்தில் அதையே அடித்து அனுப்பியபோது ஒரு நிமிஷம் எனக்கே அத்தை சொல்வதுதான் சரியோ என்று தோன்றியது.

சரி, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். சித்த மருத்துவம் சொல்லும் வாத பித்த கபத்தில் வரும் பித்தம் வேறு, கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் வேறு. முன்னது உடம்பின் போக்கைச் சொல்லும் ஒரு கணக்கு. பின்னது பச்சை மஞ்சளாக, கசப்பாக, ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் சுரக்கிற ஒரு திரவம். அந்தத் திரவத்தில் வேலை பார்க்கிற சரக்குதான் பித்த அமிலங்கள். கல்லீரல் இவற்றைச் செய்வது எதிலிருந்து என்றால் கொலஸ்ட்ராலிலிருந்து, நாம் ஊர் முழுக்கத் திட்டும் அதே கொலஸ்ட்ராலிலிருந்து. இவை சோப்பு மாதிரி: ஒரு பக்கம் தண்ணீரோடு ஒட்டும், இன்னொரு பக்கம் எண்ணெயோடு ஒட்டும். பிரியாணியில் மிதந்த நெய்யைச் சின்னச் சின்னத் துளியாக உடைத்துக் கரைத்துக் கொடுப்பது இவைதான். ஏ, டி, இ, கே வைட்டமின்கள் உடம்பில் சேர்வதும் இதே வழியில்தான்.

நான் வாய் பிளந்தது இதன் கணக்கைப் படித்தபோது. உடம்பில் மொத்தமாக இருக்கும் பித்த அமிலம் 2 முதல் 4 கிராம்தான், ஒரு டீஸ்பூன் உப்பின் எடைகூட வராது. அதை வைத்துக்கொண்டுதான் மூன்று வேளைச் சாப்பாட்டையும் நடுவில் தின்கிற பஜ்ஜியையும் உடம்பு சமாளிக்கிறது. எப்படி என்றால், டவுன் பஸ் மாதிரி, இருக்கிற நாலு வண்டியையே திருப்பித் திருப்பி ஓட்டுகிறது. கல்லீரலில் கிளம்பி, பித்தப்பை என்ற டிப்போவில் நின்று, சாப்பாடு வந்ததும் சிறுகுடலில் இறங்கி, வேலை முடிந்ததும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டு, ரத்தம் வழியாகத் திரும்பக் கல்லீரலுக்கு. ஒரு நாளைக்கு ஆறு முதல் பத்து ட்ரிப். ஒவ்வொரு ட்ரிப்பிலும் சுமார் 95 சதவீதம் திரும்பி வந்துவிடும். மீதி மலத்தோடு போய்விடும், போனதற்கு ஈடாகக் கல்லீரல் கொலஸ்ட்ராலை எடுத்துப் புதிதாகச் செய்துகொள்ளும். நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை கிராம்.

குடலிலிருந்து திரும்பி வரும் ரத்தத்தில் உள்ள பித்த அமிலத்தைக் கல்லீரல் வாசலிலேயே பிடித்துவிடுகிறது. பெரும்பகுதியைத்தான் பிடிக்கிறது, முழுவதையும் இல்லை. கைக்குத் தப்பிய கொஞ்சம் பொது ரத்த ஓட்டத்தில் கலக்கிறது, அதைத்தான் லேப் அளக்கிறது. அப்படியானால் அந்த எண் ஏற இரண்டு காரணம் இருக்கலாம். கல்லீரலின் பிடி தளர்ந்திருக்கலாம், அல்லது குடலிலிருந்து ஒரே நேரத்தில் நிறைய வந்து குவிந்திருக்கலாம். சாப்பிட்டதும் பித்தப்பை சுருங்கிச் சரக்கை எல்லாம் இறக்குகிறது, ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது திரும்ப வருகிறது, ரத்த அளவு வெறும் வயிற்றில் இருந்ததைப் போலப் பல மடங்கு ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு அலை. என் 13, பிரியாணி அலையின் உச்சியில் எடுத்த போட்டோ.

இதை எனக்குச் சொன்னவர் குடல் டாக்டர். ரிப்போர்ட்டை அரை நிமிஷம் பார்த்துவிட்டு, "என்ன சாப்பிட்டிருந்தீங்க?" என்றார். சொன்னேன். சிரித்தார். அடுத்த கேள்வி, "ஜிம் போறீங்களா?" எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் கல்லீரலில் மட்டும் இருப்பவை அல்லவாம், தசையிலும் உண்டாம். பழக்கமில்லாதவன் கனமாக எடை தூக்கினால் தசை நார்கள் கிழிந்து அவை ரத்தத்தில் கொட்டும். 2008-இல் வந்த ஒரு ஆய்வில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த 15 ஆண்களை ஒரு மணி நேரம் எடை தூக்க வைத்துப் பார்த்தார்கள். குறைந்தது ஏழு நாள்வரை இந்த அளவுகள் இறங்கவில்லை. கல்லீரலுக்காகவே பார்க்கும் வேறு இரண்டு அளவுகளான பிலிருபினும் ஜி.ஜி.டி.யும் நார்மலைத் தாண்டவே இல்லை. என் ரிப்போர்ட்டிலும் அவை இரண்டும் நார்மல்தான். அந்த வரிகளை நான் படிக்கவே இல்லை, அம்புக்குறி இருந்த வரிகளைத்தான் படித்தேன். பத்து நாள் ஜிம் பக்கம் போகாமல், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் தொடாமல், காலையில் வந்து மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னார்.

அந்தப் பத்து நாளில்தான் இதைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன்.

ரொம்ப காலம் பித்த அமிலத்தை வெறும் சோப்பாகத்தான் பார்த்தார்கள். 1999-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள்: செல்லுக்குள் எஃப்.எக்ஸ்.ஆர். என்று ஒரு பூட்டு இருக்கிறது, அதன் சாவி பித்த அமிலம். சிறுகுடலில் அந்தப் பூட்டு திறந்தால் அங்கிருந்து ஒரு ஹார்மோன் கிளம்பிக் கல்லீரலுக்குப் போய், போதும், புதிதாகச் செய்யாதே என்று சொல்லும். சில வருஷங்களில் டி.ஜி.ஆர்.5 என்று இன்னொரு பூட்டும் கிடைத்தது, இது செல்லின் மேற்புறத்தில். 2006-இல் எலிகளில் பார்த்தபோது பித்த அமிலம் இந்த வழியாகப் எரிந்து சூடு தரும் பழுப்புக் கொழுப்பை உசுப்பி, உடம்பு எரிக்கும் கலோரியைக் கூட்டியது. குடலில் இதே பூட்டைத் திறந்தால் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. இன்று எடை குறைக்கப் போட்டுக்கொள்ளும் ஊசிகள் போலி செய்வது இந்த ஹார்மோனைத்தான். எடை குறைப்புக்காக இரைப்பையைச் சுருக்கிக் குடலை மாற்றி இணைக்கும் பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்களுக்கு ரத்தத்தில் பித்த அமிலம் கூடுகிறது என்பதும் தெரிந்த விஷயம். அவர்களுக்குச் சர்க்கரை சீக்கிரம் கட்டுப்பட அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்ற பேச்சு ஆராய்ச்சியாளர்களிடையே உண்டு.

ஆக ரத்தத்தில் பித்த அமிலம் கூடினால் கெட்டது, குறைந்தால் நல்லது என்று சர்க்கரை, பி.பி. மாதிரி நேர்கோடு போட முடியாது. சாப்பிட்டதும் ஏற வேண்டும், அது சேதி. அப்புறம் இறங்க வேண்டும். இறங்காமல் நிற்பதுதான் வம்பு.

சாப்பாட்டுப் பக்கம் வருகிறேன். இங்கே மனிதர்களிடமே தெளிவாகப் பார்த்த ஒரு சங்கதி நார்ச்சத்து. ஓட்ஸிலும் பார்லியிலும் இருக்கிற பீட்டா குளுக்கான், இசப்கோல் உமி, இந்த வழவழ கொழகொழ வகை எல்லாம் குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு திரும்பும் பஸ்ஸில் ஏறவிடாமல் வெளியே தள்ளிவிடும். கையிருப்பு குறைந்ததும் கல்லீரல் என்ன செய்யும்? ரத்தத்திலிருந்து எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ராலை இழுத்துப் புதிதாகச் செய்யும். எல்.டி.எல். இறங்கும். ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் என்ற கணக்கை வைத்து 1997-இலேயே அமெரிக்க அரசு ஓட்ஸ் டப்பாவில் இதயத்துக்கு நல்லது என்று எழுத அனுமதி கொடுத்தது. மருந்தாகவும் இதே வித்தைதான்: கொலெஸ்டிரமின் என்ற பொடி உடம்பில் சேரவே சேராது, குடலில் பித்த அமிலத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். 3,800 சொச்சம் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதையும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலிப் பொடியையும் ஏழு வருஷத்துக்கு மேல் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1984-இல் வந்தது. மருந்து எடுத்தவர்களிடம் மாரடைப்பும் இதய நோய்ச் சாவும் சேர்த்துப் பார்த்தால் 19 சதவீதம் குறைந்திருந்தன. கொலஸ்ட்ராலைக் குறைத்தால் இதயத்துக்கு நல்லது என்று ஆணித்தரமாகக் காட்டிய முதல் பெரிய ஆய்வுகளில் ஒன்று இது. (வெண்டைக்காயின் கொழகொழப்பும் இப்படிப் பிடிக்கும் என்று ஆய்வுக்கூடக் குப்பியில் பார்த்திருக்கிறார்கள். அதை வைத்து வாட்ஸ்அப்பில் ஓடும் வெண்டைக்காய்த் தண்ணீர் வைத்தியத்தை நம்பாதீர்கள், குப்பி வேறு வயிறு வேறு.)

இன்னொன்று, பெருங்குடலுக்குப் போய்ச்சேரும் பித்த அமிலத்தின் கதி. அங்கே இருக்கும் பாக்டீரியா அதைச் சும்மா விடாது, மாற்றிவிடும். கல்லீரல் செய்த சரக்கு டீஆக்ஸிகோலிக் அமிலமாக, லித்தோகோலிக் அமிலமாக உருமாறும். இவை அளவுக்கு மீறினால் குடல் சுவரை எரிச்சல்படுத்தும், குடல் புற்றுநோயோடு இவற்றுக்குத் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகம் ரொம்ப நாளாக உண்டு. 2015-இல் வந்த ஒரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அதில் மாத்திரை மருந்து எதுவும் இல்லை, தட்டை மட்டும் மாற்றினார்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 20 ஆப்பிரிக்க அமெரிக்கர்கள், தென்னாப்பிரிக்காவின் குவாசுலு நேட்டால் கிராமப்புறத்தில் 20 பேர். (நம் ஊர் ஆட்கள் 1860-இலிருந்து கப்பலேறிக் கரும்பு வெட்டப் போன அதே நேட்டால்தான்.) இரண்டு வாரம் அமெரிக்கர்களுக்கு நார்ச்சத்து மிகுந்த, கொழுப்புக் குறைந்த ஆப்பிரிக்கக் கிராமச் சாப்பாடு, கிராமத்தாருக்குக் கொழுப்பு மிகுந்த அமெரிக்கச் சாப்பாடு. இரண்டே வாரத்தில் அந்த உருமாறிய பித்த அமிலங்கள் அமெரிக்கர்களுக்கு 70 சதவீதம் குறைந்தன, கிராமத்தாருக்கு 400 சதவீதம் கூடின. இது மலத்தில் அளந்தது, ரத்தத்தில் இல்லை. ஆனாலும் பதினாலு நாளில் அவ்வளவு மாற்றம் என்பதைப் படித்துவிட்டு என் டிஃபன் பாக்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே பரோட்டா.

சாப்பிடாமல் இருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது அதுதான் ஃபேஷன். என் பக்கத்து சீட் நண்பர் இரண்டு மாதத்தில் 15 கிலோ குறைத்தார், எலுமிச்சைத் தண்ணீரும் வெள்ளரிக்காயும்தான். எல்லோரும் கைதட்டினோம். மூன்றாம் மாதம் நடுராத்திரி வலது விலாவுக்குக் கீழே வலி, பித்தப்பையில் கல், ஆபரேஷன். காரணம் இந்தப் பஸ் கதைதான்: கொழுப்பே வராத வயிற்றுக்குப் பித்தப்பை எதற்குச் சுருங்கும்? டிப்போவிலேயே சரக்கு தேங்கிக் கெட்டிப்படும், அதே நேரம் உருகும் உடம்புக் கொழுப்பிலிருந்து கொலஸ்ட்ரால் பித்தநீரில் வந்து நிறையும், இரண்டும் சேர்ந்தால் கல். வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் எடை குறைந்தால் இந்த ஆபத்து ஏறுகிறது என்பது பாடப்புத்தகத்திலேயே உள்ளது, ஆனால் அவருக்கு டயட் சார்ட் எழுதிக் கொடுத்த இடத்தில் இதை ஒருவரும் சொல்லவில்லை. நல்லெண்ணெயோ நிலக்கடலையோ கொஞ்சமாவது கொழுப்பு தினம் உள்ளே போக வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஆபரேஷன் தப்பியிருக்குமோ என்னமோ.

உடற்பயிற்சிப் பக்கம் கதை இன்னும் கலங்கலாகத்தான் இருக்கிறது, எனக்குப் பிடித்த பகுதியும் அதுதான். எலிகளுக்குச் சக்கரம் கொடுத்து ஓடவிட்டால், மலத்தில் போகும் பித்த அமிலமும் கொலஸ்ட்ராலும் கூடுகின்றன, ரத்தக்குழாயில் படியும் கொழுப்பு குறைகிறது. மனிதர்களிடம்? இத்தாலியில் நடுவயதுக்காரர்கள் 30 பேர் 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தான் ஓடி முடித்த கையோடு ரத்தம் எடுத்தார்கள், பல பித்த அமிலங்களின் அளவு ஓடுவதற்கு முன்னால் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. டென்மார்க்கில் 2018-இல் ஒரே ஆட்களை ஒரு நாள் மூச்சு வாங்க வைக்கும் பயிற்சியும் இன்னொரு நாள் எடை தூக்கும் பயிற்சியும் செய்ய வைத்தபோது, ரத்தப் பித்த அமிலம் குறைந்தது எடை தூக்கிய நாளில். நான் நேர்மாறாக நினைத்திருந்தேன். உடம்பு வேலை செய்யும்போது ரத்தம் குடலை விட்டுத் தசைக்கு ஓடுகிறது, திரும்பும் பஸ் தாமதமாகிறது என்று எனக்கு நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். இது என் ஊகம், டாக்டர் சொன்னதல்ல.

ஒரு நாள் ஓட்டத்தின் அளவுகள் இப்படி ஏறி இறங்கினாலும், வருஷக்கணக்கில் பார்த்தால் கல் விஷயத்தில் பலன் பளிச்சென்று இருக்கிறது. அமெரிக்க ஆண்களை எட்டு வருஷம் பின்தொடர்ந்து 1998-இல் வந்த கணக்குப்படி, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேர்க்க வேர்க்க நடந்தாலோ ஓடினாலோ, வலி கொடுக்கும் பித்தக்கற்களில் 34 சதவீதம் வராமலே தடுக்கலாம். ஓரிடத்தில் நெடுநேரம் உட்கார்ந்து டிவி பார்ப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்பதும் அதே ஆய்வில் இருந்தது. அடுத்த வருஷம் அதே ஆண்களிடம் காபியைப் பற்றிக் கேட்டார்கள். தினம் இரண்டு மூன்று கப் குடிப்பவர்களுக்குக் கல் ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. காபி பித்தப்பையைச் சுருங்க வைக்கிறது, டிப்போவில் சரக்கு தேங்குவதில்லை. காபி குடித்தால் பித்தம் என்று சொல்லி வளர்த்த அத்தையிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். இந்தப் பரிசோதனை உண்மையிலேயே உயிர்ப் பிரச்சினையாகும் ஒரு இடம் உண்டு. என் தங்கைக்கு ஏழாம் மாதம் முடிந்த கையோடு உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்க ஆரம்பித்தது. தடிப்பு இல்லை, சொறி இல்லை, ராத்திரியானால் தூங்க முடியாத அரிப்பு. சூட்டு உடம்பு என்றார்கள், மாம்பழம் தின்றதால் என்றார்கள், வேப்பிலை அரைத்துப் பூசினார்கள். முதலில் காட்டிய இடத்தில் கர்ப்பத்தில் இதெல்லாம் சகஜம் என்று ஒரு லோஷன் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மாதான் பித்த அமிலம் பார்க்கச் சொன்னார். 52. கர்ப்பத்தில் வரும் பித்தநீர்த் தேக்கம். ஹார்மோன்கள் கல்லீரலைத் திணற அடிக்கின்றன, சிலருக்குப் பிறவியிலேயே அந்த வழி கொஞ்சம் குறுகல். பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவர்களின் 2022-ஆம் வருஷ வழிகாட்டுதலில் சாப்பிட்ட பிறகு எடுத்தாலும் 19 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் நோய் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 40-ஐத் தாண்டினால் நடுத்தரம், 100-ஐத் தாண்டினால் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் ஆபத்து பளிச்சென்று ஏறுகிறது. இங்கே ஓட்ஸும் உதவாது நடையும் உதவாது, மாம்பழத்தின் மேலும் தப்பில்லை. தங்கைதான் மூன்று வாரம், நான் என்னத்தைத் தின்றேனோ என்று அழுதுகொண்டிருந்தாள். வாராவாரம் ரத்தம் பார்த்து, 38-ஆம் வாரம் பிரசவம் பார்த்தார்கள். நாலைந்து நாளில் அரிப்பு போன இடம் தெரியவில்லை. மருமகள் இப்போது யு.கே.ஜி. கர்ப்பத்தில் உள்ளங்கை அரித்தால், தடிப்பில்லாமல் அரித்தால், லோஷனோடு திரும்பி வராதீர்கள்.

என் கதைக்கு வந்தால், பத்து நாள் கழித்து எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் இறங்கியிருந்தன. பித்த அமிலம் 4. அன்று சாயங்காலமே அத்தைக்குப் போன் போட்டேன்.

"பதிமூணு நாலாயிருச்சா? பாத்தியா, மோர் என்ன வேலை செஞ்சிருக்குன்னு."

"ராத்திரி எட்டு மணிக்கு அப்புறம் மோர்கூடக் குடிக்காம, வெறும் வயித்தோட போனதால வந்த நாலு அத்தை அது."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை.

"சரி, அதான் ரத்தம் குடுத்தாச்சே. இப்பக் குடி."